வேலாயியின் மஞ்சள் கல்

ஹுன்னஸ்கிரிய, 1931 மாசி 3

மழை. ஜெபத்துக்கு ஒன்பது பேர்தான். ஞானஸ்நானம் பெற்று மூன்று வருஷமாகியும் வேலாயி தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும் வழியில் ஓடைக்கரைக் கல்லுக்கு எண்ணெயும் மஞ்சளும் பூசுகிறாள். கேட்டால், “சும்மா ஒரு கும்புடுதாங்க உபதேசியாரய்யா” என்கிறாள். கண்டி மடத்துச் சுவாமியார் கண்டால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

மாசி 9

தோட்டத்தில் கல்லுடைக்கிற கறுப்பையாவின் இரும்பு அலவாங்கை வாங்கி நானே இடித்தேன். கல் இரண்டாய்ப் பிளந்தது. ஒரு பாதியை ஓடைக்குள் உருட்டிவிட்டேன். வேலாயி அழவில்லை, பார்த்துக்கொண்டு நின்றாள். மனதுக்குத் திருப்தி.

மாசி 21

சுவாமியார் வந்தார். வேலாயி பழைய பழக்கத்தை விடவில்லை, நாளைப் பூசையில் அவளுக்கு நற்கருணை நன்மை கொடுக்கவேண்டாம் என்று சொன்னேன். சரி என்றார்.

பிறகு ஒரு படம் காட்டினார். அநுராதபுரத்தில் மண்ணுக்கடியில் கிடைத்த கற்சிலுவை. அடியில் இலைகள் விரிந்திருக்கின்றன. பறங்கியர் வருவதற்குப் பல நூறு வருஷம் முந்தியதாம். அந்தக் காலத்துத் துறவிகள் மலைநாட்டுக்கும் வந்திருப்பார்களோ என்று தேடுகிறார்.

“இங்கே பழைய கல் ஏதும் உண்டா?”

“இல்லை, சுவாமி.”

ஏன் அப்படிச் சொன்னேன்? பின்னேரம் ஓடைக்குப் போனேன். தண்ணீர் மஞ்சளைக் கழுவியிருந்தது. உடைந்த கல்லில் ஒரு சிலுவைக் கை. கீழே அரை இலை.

மாசி 22

வேலாயி கோயில் வாசலோடு நின்றாள். பொய் சொன்ன நான் முன்னால் போய் நன்மை வாங்கினேன். வெட்கங்கெட்டவன்.

மாசி 26

சொல்லத்தான் வேணும். எப்பிடிச் சொல்லுறது? எந்த முகத்தோடை?

பங்குனி 4

வேலாயியின் லயத்து வீட்டுக்குப் போனேன். மற்றப் பாதி தண்ணீர்க்குடத்துக்குப் பக்கத்தில் இருந்தது, புது மஞ்சளோடு.

“இதிலை சிலுவை இருக்கு” என்றேன்.

“தெரியுமுங்க. மஞ்ச பூசுறப்ப வெரல்ல தட்டுப்படுமே. நம்ம சாமிதானேன்னு கும்புட்டேன்.”

“ஏன் சொல்லேல்லை?”

“நீங்க கேக்கலீங்களே.”

தேத்தண்ணி தந்தாள். அதைக் குடிக்காமலே ஓடையில் கிடந்த பாதியை எடுக்கப் போனேன்.

பங்குனி 14, கண்டி

இரண்டு பாதியையும் சாக்கில் கட்டி, வேலாயியையும் அழைத்துக்கொண்டு பஸ்ஸில் மடத்துக்கு வந்தேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இரகசியமாகச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு முன்னாலேயே சொன்னேன். சுவாமியார் கல்லைத் தடவிப் பார்த்து, இரண்டு பாதியையும் சேர்த்து வைத்தார். எவ்வளவு பழையது என்று இனித்தான் பார்க்கவேண்டுமாம். மஞ்சளைத் துடைக்கவேண்டாம் என்றார். என்னை இந்த வருஷம் உபதேசம் செய்யவேண்டாம் என்றார்.

பங்குனி 29, குருத்து ஞாயிறு

வேலாயி நன்மை வாங்கினாள். நான் வாசலோடு நின்றேன், அவள் நின்ற இடத்தில்.