விசேஷத்துக்குப் போடும் துணி

ஜனவரி 9

அன்புள்ள பாப்பாவின் அம்மாவுக்கு,

இங்கு நலம். நீயும் நலம் என்று பாப்பா சொல்லித் தெரியும். போனில் பேசினால் வாய்ச்சண்டையில்தான் முடிகிறது, இனி எதுவானாலும் கடிதம்தான் என்று நாம் பிரிந்த அன்றைக்கே நீ சட்டம் போட்டாய். எட்டு வருஷமாக அதை நான் மீறவில்லை என்பதைக் கவனிக்கவும்.

அச்சகத்தில் ஊரார் கல்யாணப் பத்திரிகையெல்லாம் அடித்துத் தள்ளுகிறவன் நான். சொந்த மகளுடையதை அடிக்கும்போது மட்டும் மூன்று தடவை பிழை பார்த்தேன். நம் இரண்டு பேர் பெயரும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் வந்திருக்கிறது. பார்த்தாயா?

விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு நான் என்ன போடுவது? என்னிடம் நல்லதாக இருப்பது அந்தச் சாம்பல் நிறக் கோட்டு ஒன்றுதான். கூட வேலை செய்கிறவர், "பொண்ணு கல்யாணத்துக்குமா அதே பழைய கோட்டு? அநியாயம்யா" என்கிறார். கடைவீதியில் மினுமினுவென்று ஒரு நீலக் கோட்டு பார்த்து வைத்திருக்கிறேன். எனக்குத் துணி எடுக்கத் தெரியாது என்று நீதான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாயே. ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா


ஜனவரி 17

பாப்பாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஊரெல்லாம் ஜலதோஷம், எங்கள் மருந்துக்கடையில் நிற்க இடமில்லை, வேலை ஓயவில்லை. அதனால்தான் தாமதம்.

அந்த நீலக் கோட்டை வாங்கித் தொலைக்காதீர்கள். மினுங்குகிற துணி போட்டோவில் ஒரு தடவை மினுங்கும். அடுத்த விசேஷத்துக்குப் போனால் "அதோ, அந்த நீலக் கோட்டு" என்பார்கள். அடக்கமான நிறத்தை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள், பத்து விசேஷத்துக்குப் போட்டாலும் பத்துத் தடவையும் புதுசுதான்.

உங்கள் தம்பி கல்யாணத்துக்கு அந்தச் சாம்பல் கோட்டுக்குத் துணி எடுத்த நாள் நினைவிருக்கிறதா? பாப்பா என் இடுப்பில். நீங்கள் தங்க நிறத்தில் கோடு ஓடிய ஒரு துணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழந்தையை விட மோசமாக அடம்பிடித்தீர்கள். நான் சாம்பல் துணியைக் கையில் கசக்கிப் பார்த்தேன். பிறகு நிறம் பார்க்க வாசல் வெயிலுக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர், "அம்மா, துணியோட ஓடிடாதீங்க" என்று பின்னாலேயே வந்தார். நீங்கள் சிரித்த சிரிப்பில் பாப்பா பயந்து அழுதாள்.

உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத் தைக்கச் சொன்னதற்கு, "எனக்கென்ன தொப்பையா போடப்போகுது?" என்று தையல்காரர் முன்னாலேயே கோபித்துக்கொண்டீர்கள். பாப்பா காட்டின போட்டோவில் உங்களைப் பார்த்தேன். கோட்டை எடுத்துக்கொண்டுபோய் அந்தத் தையலைப் பிரித்து விடச் சொல்லுங்கள். நீலத்தின்மேல் அவ்வளவு ஆசை என்றால் சட்டையில் தீர்த்துக்கொள்ளுங்கள். வெளிர் நீலம், காலர் விறைப்பாக.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


பிப்ரவரி 2

அன்புள்ள உனக்கு,

நீ சொன்னபடியே ஆயிற்று. தையல்காரர் உள்ளே புரட்டிப் பார்த்துவிட்டு, "யார் சார் இவ்வளவு முன்யோசனையா விட்டு வெச்சது?" என்றார். என் மனைவி என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லி வெகு நாளாகிவிட்டது. "இதுக்கு மேல விடத் துணி இல்ல, இனிமே பாத்துச் சாப்பிடுங்க" என்று அனுப்பிவிட்டார்.

போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். என் தம்பி கல்யாணம், பாப்பாவின் பள்ளி விழா, எனக்கு மேற்பார்வையாளர் பதவி கிடைத்த அன்று நடந்த விருந்து, உன் அப்பாவின் சாவு வீடு. எல்லா இடத்துக்கும் இந்தக் கோட்டுதான் வந்தது, எல்லா இடத்திலும் நீ பக்கத்தில் நின்றாய். விருந்தன்று படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு நீங்கதான் இங்க அழகு" என்றாய். நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். கல்யாணம் முடிந்து பாப்பா போய்விட்டால் அங்கே நீ தனி, இங்கே நான் தனி. என் துணிமணியைப் பெட்டியில் போட்டுக்கொண்டு அங்கேயே வந்துவிடட்டுமா? நீ சரி என்று சொன்னால் போக மட்டும் டிக்கெட் எடுக்கிறேன், திரும்ப எடுக்க மாட்டேன்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
நான்


பிப்ரவரி 16

அன்புள்ள உனக்கு,

பதில் இல்லை. பாப்பாவைக் கேட்டால், "அம்மா யோசிக்கிறாங்க, நச்சரிக்காதீங்கப்பா" என்கிறாள். நச்சரிக்கவில்லை. கல்யாணத்துக்கு நீ என்ன கட்டப்போகிறாய் என்றாவது எழுது.

நான்


பிப்ரவரி 24

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். சரி என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன், வந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். இப்படியே நாள் ஓடிவிட்டது. படியிறங்கும்போது சொன்னதை நானும் மறக்கவில்லை. உண்மையாகத்தான் சொன்னேன்.

அந்தக் கோட்டு போன இடமெல்லாம் எழுதியிருந்தீர்கள். அங்கெல்லாம் நாம் நன்றாகத்தான் இருந்தோம். சாவு வீட்டில்கூட நீங்கள் பக்கத்தில் நின்றது எனக்கு எவ்வளவு பலம் தெரியுமா? வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி மாட்டிய பிறகுதான் எல்லாம். நீங்கள் பனியனோடு சுவரைப் பார்த்து உட்காருவீர்கள். நான் நைட்டியோடு பாத்திரத்தை உருட்டுவேன். என்ன என்று கேட்டால் "ஒண்ணுமில்ல." ஒரு வாரம் அப்படியே போகும். "அம்மா சாப்பிட வரச் சொல்றாங்கப்பா" என்று பாப்பா நடுவில் தூது நடப்பாள். யார்மேல் தப்பு என்று பேச நான் வரவில்லை. விசேஷத் துணியில் நமக்குப் பொருத்தம் இருந்தது, வீட்டுத் துணியில் இல்லை. வாழ்க்கையில் முக்கால்வாசி நாள் வீட்டுத் துணிதானே? அதனால் திரும்புகிற டிக்கெட்டையும் சேர்த்தே எடுங்கள்.

கோபித்துக்கொண்டு கல்யாணத்துக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். அன்றைக்கு நீங்கள் என் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். வாசலில் ஆட்களைக் கூப்பிடும்போதும், பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடும்போதும், போட்டோவிலும். நான் கரும்பச்சையில் பட்டு எடுத்திருக்கிறேன். சாம்பல் நிறத்துக்குப் பக்கத்தில் எடுப்பாக இருக்கும் என்று பார்த்துத்தான் எடுத்தேன்.

இரண்டுமே நீடித்து உழைக்கும் துணி. பாப்பாவுக்குக் குழந்தை பிறக்கும், உங்கள் தம்பி மகனுக்குக் கல்யாணம் வரும். அப்போதெல்லாம் நீங்கள் அதையே போட்டுக்கொண்டு வாருங்கள், நானும் இதையே கட்டிக்கொண்டு வருகிறேன். அந்த நாட்களில் நான் உங்கள் மனைவிதான், யார் கேட்டாலும் அப்படியே சொல்லுவேன். சாயங்காலம் அவரவர் வீட்டுக்குப் போய் மாற்றிக்கொள்வோம்.

என்றும் அன்புடன்,
பாப்பாவின் அம்மா