சாத்தாமல் விட்ட கேட்

லெம்ஸ்டர்
9 ஜூன் 1991

அன்பு மகள் லவ்ரிக்கு அம்மா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. நீயும் கிரான்ட்டும் அங்கே ஜூனில் வருகிற குளிர்காலத்தில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா, போன வருஷம் அனுப்பிய கம்பளி உள்ளாடையைப் போட்டுக்கொள்கிறாயா, இல்லை அலமாரியில்தான் கிடக்கிறதா.

சைக்கிள் பயணம் எப்படி இருந்தது என்று கேட்டிருந்தாய். சீ என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடலாம். நானும் உன் அப்பாவும் கிளைவ் மாமாவும் செப்ஸ்டோவில் ரயிலை விட்டு இறங்கின நிமிஷம் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை, காலுறையைப் பிழிந்தால் பழுப்புத் தண்ணீர், போகிற சந்தெல்லாம் ஆட்டுப் புழுக்கை சேறாகக் கரைந்து சக்கரத்திலிருந்து முகத்தில் தெறிக்கிறது, ஒரு தடவை என் வாய்க்குள்ளேயே போய்விட்டது. உன் அப்பாவுக்குத் தொடையிடுக்கில் புண், மைலுக்கு ஒரு தடவை புதருக்குப் பின்னால் போய்க் களிம்பு பூசிக்கொண்டு அதே கையால் எனக்கு பிஸ்கட் நீட்டுகிறார். இதெல்லாம் பரவாயில்லை, இது உடம்பு அழுக்கு, குளித்தால் போகும்.

மூன்றாம் நாள் ஹே ஊரிலிருந்து கிளம்பி கிளாடஸ்ட்ரி பக்கம் குன்றின்மேல் போனோம், அங்கே மேய்ச்சலுக்கு நடுவில் ஒரு கேட். நான்தான் முதலில் திறந்தேன், பின்னால் வருகிறவர்கள் சாத்திவிட்டு வாருங்கள் என்று இரண்டு பேருக்கும் கேட்கும்படி கத்திவிட்டு இறக்கத்தில் இறங்கினேன். கீழே திரும்பிப் பார்த்தால் உன் அப்பா முன்னால், கிளைவ் பின்னால். கேட்டைச் சாத்தியாச்சா என்று கிளைவ் கேட்டதும் உன் அப்பா ஆமாம் என்றதும் என் காதில் விழுந்தது, அதோடு மறந்துவிட்டேன். அன்றைக்கு ராத்தங்கல் குன்றின் அடிவாரத்தில் க்வில்லியம் அம்மாளின் பண்ணை வீட்டில். புருஷன் இல்லாத மனுஷி, தனியாகவே மந்தையைப் பார்த்துக்கொண்டு இரண்டு அறையை வாடகைக்கும் விடுகிறாள்.

காலையில் அவள் பொரித்த பன்றிக்கறியும் முட்டையும் கொண்டுவந்து வைத்தபோது கண் வீங்கியிருந்தது. யாரோ மேல் கேட்டைத் திறந்துபோட்டுப் போனதில் விடியற்காலையில் ஆடுகள் சாலைக்கு இறங்கி, மரம் ஏற்றிவந்த லாரி மோதி மூன்று தாயாடு செத்துவிட்டதாகச் சொன்னாள். ஒரு குட்டி இன்னும் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டேன் என்று கத்திக்கொண்டிருக்கிறதாம். யாராவது நடைப்பயணக்காரர்களாக இருக்கும் என்றார் கிளைவ். உன் அப்பா தலையை ஆட்டினார். எனக்கு இறக்கத்தில் பார்த்த வரிசைதான் ஞாபகம் வந்தது, கிளைவ் கேட்ட கேள்வி வரவில்லை. நாங்கள்தான் அந்த வழியாக வந்தோம், கடைசியாக வந்தது இந்த ஆள் என்று கிளைவைக் காட்டிச் சொல்லிவிட்டேன். கிளைவ் உன் அப்பாவைப் பார்த்தார். உன் அப்பா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார், ஓரம்வரை, ஒரு இடம் விடாமல். அவர் அந்த ரொட்டியைத் தின்று முடித்ததும் கிளைவ், “ஆமாம்மா, நான்தான். மன்னிச்சுக்குங்க” என்றார். அவள் கிளைவ் முன்னால் இருந்த தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். நான் சும்மா இருந்திருக்கலாம். “உங்களோட ஒரே மேசையில சாப்பிட்டதே எனக்கு அசிங்கமா இருக்கு” என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் சாமானைக் கட்டிக்கொண்டு தனியாக வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அப்புறம் இரண்டு நாள் வெயில். உன் அப்பா சீட்டியடித்துக்கொண்டே மிதித்தார், கிளைவ் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த நாளிலிருந்தே அசட்டைக்காரன் என்று என்னோடு சேர்ந்து திட்டவும் திட்டினார். இதை ஞாபகம் வைத்துக்கொள். கிளன் ஊர் விடுதியில் சாப்பிடும்போது, இனி கிறிஸ்துமஸுக்கு அந்த ஆள் நம் வாசற்படி ஏறக் கூடாது, நானே கடிதம் போட்டுவிடுகிறேன் என்றேன். உன் அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். “கடைசியா வந்தது நான்தான் மேவிஸ். களிம்பு பூச நின்னேன். கிளைவ் முன்னாடியே தாண்டிட்டான், இறக்கத்துலதான் அவனை முந்தினேன்” என்றார். சாத்தினீர்களா என்று கேட்டேன். மழை வலுத்தது என்றார்.

முப்பத்தோரு வருஷம், லவ்ரி. அந்தப் புண்ணுக்கு நான் என் கையால் மருந்து போட்டேன், அருவருக்கவில்லை. அந்த வெண்ணெய்க் கத்தியை நினைத்தால்தான் அருவருக்கிறது. மறுநாள் நான் பஸ்ஸும் ரயிலும் பிடித்து வீடு வந்தேன், அவரைத் திரும்பிப் போய் அந்த மனுஷியிடம் சொல்லச் சொன்னேன். போனார், அதைச் சொல்லத்தான் வேண்டும், அத்தனை மேடும் ஏறிப் போனார். அவள் வாசலில் நிறுத்தியே முழுசும் கேட்டுவிட்டு, “இதை அந்த மனுஷன்கிட்ட சொன்னீங்களா?” என்றாளாம். இன்னும் இல்லை என்றதும் கதவைச் சாத்திக்கொண்டாளாம். சனிக்கிழமை வந்து சேர்ந்தார், இன்றோடு எட்டு நாள், இன்னும் கிளைவ் வீட்டுப் பக்கம் போகவில்லை. இரண்டு தெரு தள்ளித்தானே. முட்டி வலிக்கிறதாம். நான்தான் கிளைவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். கொல்லையில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுச் சேறு கழுவிக்கொண்டிருந்தார். என்மேல் கோபமில்லை என்றார். “அந்த ரொட்டி தீர்ற வரைக்கும் வாயைத் திறப்பான்னு பார்த்தேன்” என்று சொல்லிவிட்டு மறுபடி சக்கரத்தைக் கழுவத் தொடங்கினார். எனக்கு நிற்கவே கூசியது.

உன் அப்பா உன் அறையில்தான் படுக்கிறார். உனக்கு இதை எழுதக் கூடாது என்று கெஞ்சினார், எழுதுகிறேன். கடவுள் உங்கள் இருவரையும் நன்றாக வைத்திருக்கட்டும், வீட்டில் சிரிப்புக்குக் குறைவு வராமல் இருக்கட்டும். கிரான்ட் நல்ல பையன், ஆனாலும் சின்னத் தப்பு செய்யும்போது என்ன சொல்கிறான் என்று கவனி. கையுறை பின்ன உன் விரல் அளவை எழுது. முக்கியமானது ஒன்று. இருபத்து மூன்றாம் தேதி உன் பிறந்தநாளுக்கு அப்பா போன் செய்வார், அதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும். வந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. பயணம் எப்படி இருந்தது அப்பா என்று மட்டும் கேள். அவர் சொல்வதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எனக்கு எழுது, அவருக்கு எந்த அறையில் படுக்கை போடுவது என்று அதற்கப்புறம் முடிவு செய்கிறேன்.

உன் அம்மா
மேவிஸ்