ஹெட்லைட்டில் சந்தனம் வேண்டாம்

மாமா,

தோள்பட்டை இரண்டும் கழன்று விழுகிற மாதிரி வலிக்கிறது. நேற்று பூராவும் காரின் ஹெட்லைட்டுகளை உப்புத்தாளால் தேய்த்து, படிந்த மஞ்சள் நிறத்தை எடுத்து, மேலே பூச்சு அடித்திருக்கிறேன். அது நிலைப்பது இனி உங்கள் கையில்.

வெள்ளிக்கிழமை சந்தனப் பொட்டை பானட்டில் வையுங்கள், லைட்டில் வேண்டாம். காய்ந்த சந்தனத்தை நீங்கள் தேங்காய் நாரால் தேய்த்துத்தான் போன தடவை மெக்கானிக் அடித்த பூச்சு உரிந்தது. பூச்சி ஒட்டியிருந்தால் தண்ணீரில் ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியால் துடையுங்கள். பெட்ரோல் படவே கூடாது. வெயில் பட்டால் மறுபடி மஞ்சளாகும். லைட் சுவரைப் பார்க்கிற மாதிரி நிறுத்துங்கள். மாதம் ஒரு தடவை மெழுகு போடுங்கள், டப்பா அலமாரியில் இருக்கிறது.

நான் பசுமலைக்கு வேலைக்குப் போகிறேன். சோறும் கருவாட்டுக் குழம்பும் அடுப்பில் இருக்கிறது. சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

நாகஜோதி

அப்புறம் ஒன்று. உங்கள் அக்கா வீட்டில் நான் இதையே சொன்னபோது, “செங்கச் சூளையில கல்லறுத்த கைக்குக் காரப் பத்தி என்னடி தெரியும்?” என்று கேட்டீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். இப்போது கோபம்கூட வரவில்லை. ஆனால் அதற்கு நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அது இன்னும் பாக்கி.