டேங்கர் இளைத்த கதை

மார்ச் 3, திங்கள்

காலை ஒரு கிண்ணம் ஃபெதரோ, உடம்பு இளைக்கச் சாப்பிடும் தானியச் செதில். பெட்டியில் போட்டிருந்தபடி கொழுப்பு நீக்கிய பால், சர்க்கரை கிடையாது. முதல் வாய் மொறுமொறு. இரண்டாவது வாய் அட்டை. நாலாவது வாய்க்குள் எல்லாம் கூழாகிவிட்டது. "எப்படி இருக்குப்பா?" என்றாள் மகள். பெட்டியைப் பிய்த்துப் போட்டு ஊறவைத்தாலும் இப்படித்தான் இருக்கும் என்றேன். "அதுலயும் நார்ச்சத்து இருக்கு" என்றாள். என் பிள்ளைதான், சந்தேகமே இல்லை.

காலையும் இரவும் இது, மதியம் மட்டும் வழக்கமான சாப்பாடு. இரண்டே வாரத்தில் மாற்றம் தெரியுமாம். பெட்டியின் மேல் ஒரு பெண் தன் பழைய கால்சட்டையின் இடுப்பை முன்னால் இழுத்துக் காட்டிச் சிரிக்கிறாள். உள்ளே இன்னொருவரைக் குடிவைக்கலாம், அவ்வளவு இடம்.

இந்தக் கூத்து எதற்கு என்பதையும் எழுதிவிடுகிறேன். மச்சானுக்கு, அதாவது என் மனைவியின் அண்ணனுக்கு, சிறுநீரகம் இரண்டும் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரத்தோடு படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறார். இதயமும் களைத்துக்கொண்டு வருகிறதாம், அதிக நாள் தள்ள முடியாது என்கிறார்கள். அவர் மனைவிக்குச் சர்க்கரை. என் மனைவிக்கு ரத்த வகை சேரவில்லை. யாருக்குச் சேர்ந்தது? எனக்கு. ஒன்றைக் கொடுக்கிறேன் என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டேன். பரிசோதனை எல்லாம் முடித்துவிட்டு டாக்டரம்மா என் வயிற்றைப் பார்த்தார். "உள்ள எல்லாம் நல்லா இருக்கு சார். வெளியிலதான் கொஞ்சம் அதிகம். பத்து கிலோ குறைச்சிட்டு வாங்க, பாக்கலாம்."

மார்ச் 4

பசி.

மார்ச் 6, வியாழன்

நான் பார்க்கிற வேலையை நினைத்தால் சிரிப்பு வருகிறது. எடைமேடை. பகல் முழுக்க லாரிகளை மேடையில் நிறுத்தி எடை போட்டுச் சீட்டுக் கொடுக்கிறவன். ஜல்லி, இரும்பு, மரம், உப்பு, எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்: மொத்த எடையில் காலி வண்டியின் எடையைக் கழித்தால் சரக்கு. என் விஷயத்தில் அந்தக் கணக்கு உதைக்கிறது. என்னில் எது வண்டி, எது சரக்கு?

மதியம் வண்டி இல்லாத நேரம் பார்த்து மேடையில் ஏறி நின்றேன். ஜன்னல் வழியாகத் திரையை எட்டிப் பார்த்தால் 100. மேடை இருபது இருபதாகத்தான் எண்ணும். நிஜத்தில் நான் தொண்ணூற்றெட்டு. தொண்ணூறுக்குக் கீழே போனால் ஒரே தாவலாக 80 என்று காட்டும். உப்பு லாரி டிரைவர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. "என்ன சார், லோடா காலியா?" என்று கேட்டார். மனுஷன் நிம்மதியாக ஏறி நிற்க ஓர் இடம் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

மச்சானைப் பார்க்கப் போனோம். முகம் வீங்கியிருந்தது, வாய் மட்டும் அப்படியே. "டேங்கர் வருது, வழிய விடுங்க" என்று கட்டிலிலிருந்தே சத்தம்.

இந்தப் பெயருக்கு என் கல்யாணத்தின் வயது. டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர் அவர். கல்யாணமான முதல் வாரம் அவருடைய சின்னக் காரில் ஏறி உட்கார்ந்தேன், கார் ஒரு பக்கம் சாய்ந்தது. "மாப்ள, உங்களுக்கு இந்த லைசென்ஸ் பத்தாது, டேங்கர் லைசென்ஸ்தான் எடுக்கணும்." அன்றிலிருந்து நான் டேங்கர். எந்த விசேஷத்துக்குப் போனாலும் டேங்கர். சிரித்துவைப்பேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் எரிந்துவிழுவேன். அவருக்குப் போய் என் உடம்பிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது பாருங்கள்.

தண்ணீர்தான் இன்று என்னை என்னவோ செய்துவிட்டது. ஃபெதரோ பெட்டியில் 'நாள் முழுவதும் நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. நானும் குடம் குடமாகக் குடிக்கிறேன். மச்சானுக்கு ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில்தான். அதற்கு மேல் குடித்தால் உள்ளேயே தங்கி மூச்சை அடைக்கும். தாகம் தாங்காவிட்டால் ஒரு ஐஸ் கட்டியை வாயில் அதக்கிக்கொள்கிறார். அவர் மனைவி எனக்குப் பெரிய டம்ளர் நிறையக் கொண்டுவந்து வைத்தார். மச்சான் என்னைப் பார்க்கவில்லை, டம்ளரைப் பார்த்தார். நான் எழுந்து சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு குடித்தேன்.

மார்ச் 17, திங்கள்

இரண்டு வாரம் முடிந்தது. மூன்று கிலோ இறங்கியிருக்கிறது. பெட்டிக்காரி பொய் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் என்னைத் தனியாக உட்காரவைத்து டாக்டரம்மா கேட்டார், "யாராவது உங்களைக் கட்டாயப்படுத்துறாங்களா? மனசுல இருக்கறத சொல்லுங்க, வெளிய போகாது." இல்லை என்றேன். உண்மைதான். மனைவி இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் காலையில் நான் எழுவதற்குள் கிண்ணமும் கரண்டியும் மேஜையில் இருக்கின்றன. பாலை அளந்து வைத்திருக்கிறாள். இதைக் கட்டாயம் என்று சொல்ல முடியுமா? டாக்டரிடம் எப்படிச் சொல்வது, பால் அளந்து வைக்கிறாள் என்று?

ஏப்ரல் 2

தொண்ணூற்றைந்து.

ஏப்ரல் 8

தொண்ணூற்றைந்து. வீட்டு எடைக்கருவியின் முள் அதே இடத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஏப்ரல் 11, வெள்ளி

உண்மையை இங்கேயாவது எழுத வேண்டும். எடைமேடை அறையில், மேஜையின் கீழ் இழுப்பறையில் கிரீம் பிஸ்கட் இருக்கிறது. பதினொரு மணிக்கு நாலு, நாலு மணிக்கு நாலு. சட்டைப்பையில் தூள் கொட்டிக்கிடந்ததை மனைவி பார்த்துவிட்டாள். உதறித் துவைத்துக் காயப்போட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. முள் நகரவில்லை என்று பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு மூலையில் நிம்மதி. பயமாக இருக்கிறது — கத்தி, மயக்க மருந்து, அப்புறம் ஒற்றைச் சிறுநீரகத்தோடு மிச்ச காலம். வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. ஆனால் எடை குறையாவிட்டால் யாரும் என்னைக் கோழை என்று சொல்ல முடியாதே. பாவம், முயற்சி பண்ணினார், உடம்பு ஒத்துழைக்கவில்லை என்பார்கள். பிஸ்கட்டைப் பசிக்காகத்தான் தின்கிறேனா?

ஏப்ரல் 13, ஞாயிறு

மச்சான் இன்று டேங்கர் என்று கூப்பிடவில்லை. கூப்பிடத் தெம்பில்லை. திரும்பி வரும்போது மனைவி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிஸ்கட்டை உப்பு லாரி டிரைவரிடம் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

நாளை ஆஸ்பத்திரியில் எடையும் ரத்தமும் பார்க்கிறார்கள். இன்னும் குறையாவிட்டால் தள்ளிப்போட்டுவிடுவார்கள். காலை, இரவு கிண்ணத்தோடு மதியச் சாப்பாட்டுக்கும் கிண்ணம் என்று ஐந்து நாளாக ஃபெதரோ மட்டுமே. தலை கிறுகிறுக்கிறது.

இன்னொரு வழியும் இருக்கிறது. சில லாரிக்காரர்கள் சரக்கோடு எடை போடும்போது தண்ணீர் டிரம்மை உள்ளே ஒளித்துவைப்பார்கள். காலி எடைக்கு வருமுன் ரோட்டோரம் கொட்டிவிடுவார்கள். நானே பிடித்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கிறேன். தண்ணீரும் எடைதானே? நேற்றிலிருந்து நான் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. எடைமேடைக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏப்ரல் 23

பெல்ட், வாட்ச், மூக்குக்கண்ணாடி, சில்லறை, எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு ஏறினேன். "பல்லையும் கழட்டணுமா சார்?" என்று நர்ஸ் சிரித்தாள். தொண்ணூற்றொன்று! வெளியே வந்து குழாயில் வாய் வைத்துக் குடித்தேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

ஆஸ்பத்திரியிலிருந்து போன். ரத்தத்தில் ஏதோ அளவு ஏறியிருக்கிறதாம். "உங்க கிட்னியே சிரமப்படுற மாதிரி காட்டுது சார். நீங்க குடுக்க முடியாம போகலாம்." மனைவியிடம் சொன்னேன். சரி என்றாள். காய்ந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள், மடித்ததையே பிரித்துத் திரும்ப மடித்தாள்.

தண்ணீர் குடிக்காததைப் பற்றி நான் சொல்லவில்லை. யாரிடமும்.

ஏப்ரல் 26

இப்படியே விட்டுவிட்டால்? கதவு தானாகத் திறந்திருக்கிறது. யாருக்கும் தெரியப்போவதில்லை. ஐயோ, நானும் ஒரு மனுஷனா.

ஏப்ரல் 28, திங்கள்

மச்சானுக்கு இயந்திர நாள். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நேராக அங்கே போனேன். கையிலிருந்து இரண்டு குழாய் போகிறது, ஒன்றில் ரத்தம் வெளியே, இன்னொன்றில் உள்ளே. ஸ்டூலை இழுத்துப் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பிஸ்கட், முள், தண்ணீர், எல்லாம்.

 திட்ட ஆரம்பித்தார். "நான் ஒரு மடக்குத் தண்ணிக்கு நாக்கத் தொங்கப்போட்டுக்கிட்டு கெடக்கேன். நீ குடிக்காம கெடந்தியா? அறிவிருக்கா உனக்கு?" கையை ஆட்டிவிட்டார் போல, இயந்திரம் கீகீ என்று கத்தியது. நர்ஸ் ஓடிவந்து இரண்டு பேரையும் முறைத்துவிட்டுப் போனாள். கல்யாணத்திலிருந்து என்னை 'நீங்க' என்றுதான் பேசுவார். முதல் தடவையாக 'நீ'.

"பயமா இருக்கா?" என்றார்.

"இருக்கு மச்சான்."

"எனக்கும்தான். வேணாம்னா வேணாம்னு சொல்லு. தங்கச்சிக்கு நான் சொல்லிக்கிறேன், நானே ஒத்துக்கலன்னு. இப்படி உடம்ப கெடுத்துக்காத."

 இத்தனை வருடம் எரிந்துவிழுந்தது இந்த மனுஷனையா? கொடுக்கிறேன் என்றேன். பயத்தோடுதான் கொடுப்பேன் என்றேன்.

"அப்ப பையில தண்ணி இருக்கா? எடு. இங்கயே குடி."

"உங்க முன்னாடி எப்படி—"

"குடின்னா குடி. எனக்கும் சேத்துக் குடி, டேங்கர்."

பாட்டிலைத் திறந்து குடித்தேன். அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விழுங்கும்போதெல்லாம் அவர் தொண்டையும் ஏறி இறங்கியது.

மே 6

டாக்டரம்மாவிடமும் சொன்னேன், வாங்கிக்கட்டிக்கொண்டேன். நாலு நாள் ஒழுங்காகத் தண்ணீர் குடித்தபின் எடுத்த ரத்தம் சரியாக இருக்கிறது. உணவு ஆலோசகர் என்று ஒரு அம்மா ஃபெதரோ பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ரெண்டு வாரம்னுதானே சார் போட்டிருக்கு? நீங்க ரெண்டு மாசமா இதையே தின்னா உடம்பு என்ன பண்ணும்?" இனி காலை மட்டும் கிண்ணம். மதியமும் இரவும் அளவான சாப்பாடு, முட்டை, காய்கறி. சாயங்காலம் நடை. அவசரம் கூடாது.

மே 19

மனைவியும் என்னோடு நடக்க வருகிறாள். இன்று தானாகவே சொன்னாள், "நான் கேட்டா நீங்க எனக்காக சரின்னுடுவீங்க. அதான் கேக்கல." பாலை மட்டும் ஏன் அளந்து வைத்தாய் என்றேன். "நீங்க ஊத்தினா கிண்ணம் வழியும்" என்றாள்.

மே 30

தொண்ணூறரை. ஃபெதரோவில் ஒரு வாழைப்பழத்தை நறுக்கிப் போட்டால் சாப்பிடும்படி இருக்கிறது. இதை முன்னமே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா.

ஜூன் 12, வியாழன்

மேடையில் ஏறினேன். 80!

உப்பு லாரி டிரைவர் கீழே இறங்கிக் கைதட்டினார். "சரக்க எங்க சார் எறக்கினீங்க?" என்றார். எனக்கே ஒரு சீட்டு அச்சடித்து எடுத்துக்கொண்டேன். வண்டி எண் என்ற இடம் காலி. வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியதும் மகள் பேனா எடுத்து அந்த இடத்தில் 'அப்பா' என்று எழுதினாள்.

ஜூன் 24

ஆஸ்பத்திரி எடையிலும் தேறிவிட்டேன். பெல்ட்டைக் கழற்றாமல். தேதி கொடுத்துவிட்டார்கள்.

ஜூலை 1, செவ்வாய்

நாளை போய்ப் படுக்க வேண்டும், மறுநாள் ஆபரேஷன். பெட்டியில் கடைசியாகக் கொஞ்சம் ஃபெதரோ இருந்தது. தூளோடு கொட்டிச் சாப்பிட்டேன். பயம் போகவில்லை. போகாது போலிருக்கிறது, கூடவே அழைத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

ஜூலை 6, ஞாயிறு

பேனா பிடிக்க வருகிறது. இடுப்பின் இடது பக்கம் தையல் இழுக்கிறது. இருமக் கூடாது, சிரிக்கக் கூடாது. மச்சான் இரண்டு அறை தள்ளி. என்னை இன்னும் அங்கே விடவில்லை.

மனைவிதான் இரண்டு அறைக்கும் நடுவே நடந்துகொண்டிருக்கிறாள். கொஞ்சம் முன்னால் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அழுதிருக்கிறாள், முகம் மட்டும் சிரிக்கிறது. நர்ஸ் தண்ணீர் ஜாடியோடு அண்ணன் பக்கத்திலேயே நிற்கிறாளாம், குடி குடி என்று. புதுச் சிறுநீரகம் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டதாம், சிறுநீராக வெளியே போகிற அளவுக்கு மேல் தண்ணீர் உள்ளே போக வேண்டுமாம். போதும் என்றாலும் விடுவதில்லையாம்.

"அண்ணன் உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு. டேங்கர்ங்கற பேரை இனிமே அவரே வச்சுக்கறாராம். உங்களுக்கு வேற பேரு யோசிச்சுட்டு இருக்காராம்."

சிரித்துத் தொலைத்தேன். தையல் உயிர் போகிற மாதிரி வலித்தது. மனைவி டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். எனக்கு மட்டும் குடித்தேன்.