ஒரு மணித்தியாலப் பூட்டு

ஒக்டோபர் 7, செவ்வாய்

காலையிலிருந்து மழை. உடுப்பு ஒன்றும் காயவில்லை. ஈமெயில் துப்புரவு. மகள் அபி ஏதோ ஒரு தளத்தைத் திறந்து தந்தாள். யார் யார் எனக்கு அனுப்புகிறார்கள் என்று வரிசையாகக் காட்டியது. புடைவைக்கடை, வங்கி, நான் வாசற்படி மிதிக்காத ஒரு ஹோட்டல். மிச்சமெல்லாம் மரண அறிவித்தல்.

"இவ்வளவு செத்தவீட்டையும் வச்சு என்னம்மா செய்யிறியள்?"

பார்க்கிறேன், வேறென்ன. கனடா, லண்டன், பாரிஸ். முன்பின் தெரியாத ஆட்களின் நேரலையையும் கடைசிவரை இருந்து பார்ப்பேன். அபியின் முகத்தைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் நிறுத்தினேன்.

ஒக்டோபர் 9, வியாழன்

போனுக்குப் பூட்டு. நாளுக்கு ஒரு மணித்தியாலம். பிறகு அழைப்பு எடுக்க மட்டும் விடும். இரகசிய எண் அபியிடம். கெஞ்சினாலும் தராதே என்று நானே சொன்னேன்.

பின்னேரம் ரொறன்ரோவுக்கு, அக்காவுக்கு எடுத்தேன். எத்தனையோ வருடமாக என் முதல் கேள்வி ஒன்றுதான்: "சாப்பிட்டியோ?" ஆஸ்பத்திரியால் வந்தபின் அக்காவின் குரல் மெலிவு. வாய் மட்டும் குறையவில்லை. பூட்டுக் கதை சொன்னேன்.

"என்ரை செத்தவீட்டைப் பாக்க நேரம் மிச்சம் பிடிச்சு வை."

ஏசினேன். எனக்குக் கனடா விசா இந்த முறையும் இல்லை.

ஒக்டோபர் 14, செவ்வாய்

அக்கா போய்விட்டாள். விடிய அவளின் மகன் எடுத்துச் சொன்னான். சனிக்கிழமை செத்தவீடு. நேரலை இணைப்பு அனுப்புவானாம். முகத்தை ஒருக்கால் பார்த்தால் போதும்.

ஒக்டோபர் 18, சனி

எங்கள் நேரம் ஆறரைக்குத் தொடக்கம். தவறவிடக் கூடாதென்று வெள்ளெனவே திறந்து வைத்தேன். வெறும் ஹோல், கதிரைகள், பூ, மூடிய பெட்டி. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்கள் வந்தார்கள். ஒருவர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். பெட்டியைத் திறக்க ஆட்கள் எழும்பிய நேரம் திரை கறுத்தது. "இன்றைய நேரம் முடிந்தது."

பூட்டு என் நினைவிலேயே இல்லை. அபிக்கு எடுத்தேன். வகுப்பு, போனை நிறுத்தியிருந்தாள். முன்வீட்டுப் பௌசியாவின் போனைக் கேட்கலாமென்றால், அவள் மாளிகாவத்தையில், தாய் வீட்டில். என் மனுசனிடம் இருப்பது பழைய பட்டன் போன்.

"அழாதையப்பா. கோல் எடுக்கலாம்தானே," என்றார் அவர்.

அக்காவின் மருமகளுக்கு எடுத்தேன். "மாமி, சுண்ணம் இடிக்கப் போயினம். வைக்காமல் பிடிச்சுக்கொண்டிருங்கோ." கிரியைக்கு மஞ்சளும் அறுகம்புல்லும் இடிக்கும் உலக்கைச் சத்தம் கேட்டது. தேவாரம் கேட்டது. பிறகு, "மாமி, உங்கட அக்காவோட கதையுங்கோ."

எதைக் கதைப்பது? வாயில் வந்தது அதுதான். "அக்கா, சாப்பிட்டியோ?"

வெட்கமாகப் போய்விட்டது. வைத்துவிட்டேன்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. எங்களுக்கு இல்லை. கீழ்வீட்டில் பலகாரம் சுடும் மணம்.

அபி பதிவைத் திறந்து தந்தாள். முகம் பார்த்தேன். நான் வெள்ளவத்தையில் வாங்கி அனுப்பிய மாம்பழ நிறச் சேலை. மருமகள் குனிந்து போனை அக்காவின் காதடியில் வைக்கிறாள். என் குரல் ஸ்பீக்கரில் ஹோல் முழுக்கக் கேட்கிறது. ஒருவரும் சிரிக்கவில்லை.

"பூட்டை எடுத்துவிடட்டோ அம்மா?"

இருக்கட்டும் என்றேன். பார்க்க வேண்டிய முகத்தைப் பார்த்தாயிற்று, பின்னேரத்தில் எடுக்க இனி ஆளுமில்லை. ஒரு மணித்தியாலம் போதும்.