கணவாயில் சாயாத கம்பம்

அன்புள்ள அப்பாவுக்கு, ஷோல்பன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் இருமலுக்கு வைத்தியரைப் பார்த்தீர்களா? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நலம்.

சுங்கார் கணவாயில் காற்றை அளக்க நாங்கள் நட்ட கம்பத்துக்கு நேற்றோடு ஒரு வருடம். ஒரு வருடக் காற்றை விடாமல் அளந்தால்தான் கணக்கு; நடுவில் சில நாள் விட்டுப்போனாலும் மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும். போன செவ்வாய்க்கிழமை அடித்த காற்றில் அதைத் தாங்கும் கம்பிகளில் ஒன்று அறுந்து, கம்பம் சாயத் தொடங்கியது. பக்கத்தில் ஆடு வளர்க்கும் ராய்ஹான் அக்கா டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்தார்.

"நிலக்கரி மேல உக்காந்துக்கிட்டு காத்தைப் பிடிக்க வந்திருக்கா பாரு! கம்பியை இதுல கட்டுடி!"

"பிடிச்சா உங்க வீட்டுலயும் வெளக்கு எரியும்க்கா!"

"மொதல்ல நீ பறந்து போகாம இரு!"

காற்று ஓயும்வரை அவர் டிராக்டரை விட்டு இறங்கவில்லை. கம்பம் நின்றது, கணக்கும் முழுதாகக் கிடைத்தது. இங்கே காற்றாலை வைக்கலாம் என்று இனி தைரியமாகச் சொல்வேன். கம்பியை டிராக்டரில் இழுத்துக் கட்டியதில் உள்ளங்கையில் லேசான சிராய்ப்புதான். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

நிலக்கரிச் சுரங்கத்தில் நீங்கள் போட்டிருந்த பழைய தோல் கையுறையை அனுப்புங்கள். இங்கே கடையில் புதிதாகவே கிடைக்கிறது. இருந்தாலும் அதையே அனுப்புங்கள்.

தபால் வண்டிக்காரர் அவசரப்படுத்துகிறார்.

உங்கள் மகள்,
ஷோல்பன்