முதல் வரிக்கு மேல்

பிம்ப்ரி, புனே
7.2.1999

அன்புள்ள மேரிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நார்வேயில் பெர்கன் போய் நாலு மாதமாகிறது, இரண்டே கடிதம். நர்ஸம்மாவுக்கு எங்கள் நினைப்பு விட்டுப்போச்சா?

உங்கள் ஊர்ச் சட்டப் பேராசிரியர் தொர்கில்ஸ் போன வருஷம் எங்கள் கல்லூரியில் பேசினார் என்றேனே. நார்வேயில் மொழியை இரண்டு விதமாக எழுதுவார்களாம். இவருடையது மலைக் கிராமத்தார் எழுதுவது. அவரவர் எழுதும் விதத்திலேயே அரசு பதில் தரவேண்டும் என்ற சட்டத்துக்காக அலைந்தவர். மற்ற விதத்தில் அரசுக் கடிதம் வந்தால் முதல் வரியோடு நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுவாராம். கடைசி பெஞ்சில் எனக்குச் சிலிர்த்தது.

ஃபேக்டரியில் அப்பா விரல் நசுங்கியதற்கு அவர்மேலேயே விசாரணை. நோட்டீஸ் ஆங்கிலத்தில். "தமிழில் தாருங்கள்" என்று எழுதித் திருப்பிவிட்டேன். "வாயே தொறக்காத புள்ள, ஜட்ஜம்மா ஆயிட்டியே!" என்கிறார் அப்பா.

உன் ராஜி


பெர்கன்
26.2.1999

ராஜி,

எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை. உன் பேராசிரியர் போன வாரம் வியாழக்கிழமை எங்கள் வார்டில் இறந்துபோனார்.

எங்களுடையது அரசு ஆஸ்பத்திரி; நவம்பரிலேயே வயிற்று ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துக் கடிதம் போயிருக்கிறது. மற்ற விதத்தில். முதல் வரியோடு திருப்பிவிட்டார். நோய் முற்றிய பிறகுதான் கொண்டுவந்தார்கள்.

"ஒரு தடவை படிச்சிருக்கலாமே, ஐயா?" என்றேன்.

"ஊருக்காக வாங்கின சட்டத்தை என் வயிற்றுக்காக விடுவேனா?" என்றார். சிரித்தாரடி.

அவர் இறந்த மறுநாள், நடந்ததற்கு வருத்தம் தெரிவித்து அவர் பெயருக்கே ஆஸ்பத்திரிக் கடிதம். இந்தத் தடவை அவருடைய விதத்தில். அவர் மனைவி அதை என் கையில் கொடுத்துவிட்டு நின்றார்.

மேரி


பிம்ப்ரி
16.3.1999

மேரி,

உன் கடிதத்தைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன். மேஜைமேல் அப்பாவின் மூன்றாவது நோட்டீஸ், திருப்பி அனுப்பக் கவரில் போட்டு ஒட்டித் தயாராக. நானும் முதல் வரிக்கு மேல் படித்திருக்கவில்லை.

கிழித்துப் படித்தேன். திங்கட்கிழமை கடைசி விசாரணை. வராவிட்டால் வேலை நீக்கம்.

"என்னம்மா, முகம் செத்துப்போச்சு?" என்றார் அப்பா. வரிவரியாகத் தமிழில் சொன்னேன். "இதையா திருப்பி அனுப்பப் பார்த்த?" என்றார்.

நேற்று அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்ததும், "எங்கப்பா வந்திருக்கார். இனி தமிழில் கேளுங்கள்" என்று இந்தியில் சொன்னேன்.

"இங்கே யாருக்குத் தமிழ் தெரியும்?" என்று அதிகாரி சிரித்தார்.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

நாற்காலி போட்டார்கள். இரண்டு.

ராஜி